சியெம் ரீப் – அங்கோர் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவின் வடமேற்கில் இருக்கும் சியெம் ரீப், அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் தங்கும் ஊர். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை கெமெர் அரசர்களின் தலைநகரங்கள் இதைச் சுற்றித்தான் இருந்தன. 1992-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தத் தொல்லியல் பூங்கா சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

கோயில்களுக்கு மட்டும் முழுதாக மூன்று நாள். வந்து போகும் நாட்களையும் சேர்த்தால் ஐந்து நாள் பயணம். ஒரே நாளில் அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று சுற்றுலா நிறுவனங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அப்படிப் போனால் மண்டபங்களைக் கடந்து நடந்ததும் படம் எடுத்ததும்தான் மிஞ்சும். அங்கோர் வாட்டின் சிற்பச் சுவர் மட்டுமே கிட்டத்தட்ட 600 மீட்டர் நீளம். இராமாயணமும் பாரதமும் தெரிந்த ஒருவர் அதை வழிகாட்டி இல்லாமலேயே படிக்கலாம். அந்த வாய்ப்பை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது.

அங்கோர் வாட்டைக் கட்டியது சோழர்களா? சூரியவர்மன் தமிழ் மன்னனா?

இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. அங்கோர் வாட்டை 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டுவித்தவன் இரண்டாம் சூரியவர்மன், கெமெர் அரசன். அங்கோர் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமெர் மொழியிலும் இருக்கின்றன. 'வர்மன்' என்று பெயர் முடிவதால் பல்லவர் என்று சொல்லிவிட முடியாது. அது தென்கிழக்காசியா முழுவதும் அரசர்கள் ஏற்றுக்கொண்ட பட்டம். அந்தக் கோயிலை எழுப்பிய மக்களின் வாரிசுகள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள், அவர்களுடைய தேசியக் கொடியிலேயே அது இருக்கிறது. அவர்கள் முன்னால் நின்று "இது எங்கள் முன்னோர் கட்டியது" என்று பேசுவது மரியாதைக் குறைவு.

உண்மையான தொடர்புகளும் உண்டு, அவை போதுமான அளவு சுவையானவை. காம்போஜ (கம்போடிய) அரசன் முதலாம் இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு வேண்டியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் காட்டிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதைச் சிதம்பரக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. மூன்றாவது தொடர்பு காரைக்கால் அம்மையார். அவரைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

விசா வேண்டுமா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். இ-விசாவை முன்கூட்டியே எடுக்கலாம், அல்லது விமான நிலையத்தில் இறங்கியதும் வாங்கலாம். சுற்றுலா விசாக் கட்டணம் 30 டாலர். இ-விசாவுக்குச் சிறிய சேவைக் கட்டணமும் சேரும். ஒரு முறை நுழையலாம், 30 நாள் தங்கலாம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இறங்கிய பின் விசா எடுப்பவர்கள் ஒரு புகைப்படமும் சில்லறையாக டாலரும் கையில் வைத்திருங்கள். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுகளுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

இ-விசாவில் தவறு நடக்கும் இடம் இணையதளம்தான். அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கும், இரண்டு மடங்குக்கு மேல் வாங்கும். முகவரியில் கம்போடிய அரசின் 'கவ் டாட் கேஎச்' இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது சகஜம். அப்படியிருந்தால் விமான டிக்கெட், விசா, வருகைப் படிவம் மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி நிரப்புங்கள். அந்த வருகைப் படிவம் இணையத்தில் இலவசம், விமானம் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது? விமான நிலையம் ஊருக்குள் இருக்கிறதா?

பாங்காக், சிங்கப்பூர், கோலாலம்பூர் இவற்றில் ஒன்றில் மாறிப் போவதுதான் வழக்கமான வழி. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நடுவில் இறங்கும் நாட்டில் குடிநுழைவு கடந்து பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டிவரும். அந்த நாட்டில் நுழைய விசா தேவைப்பட்டு, அது கையில் இல்லாவிட்டால் சென்னையிலேயே விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

ஊருக்குள் இருந்த பழைய விமான நிலையம் மூடப்பட்டுவிட்டது. 2023 அக்டோபரில் திறந்த புதிய சியெம் ரீப் அங்கோர் சர்வதேச விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. காரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. டாக்சி ஏறக்குறைய 35 டாலர், பேருந்து அதில் நாலில் ஒரு பங்கு. பல விடுதிகள் கார் அனுப்பும். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பழைய பயணக் கட்டுரைகளில் "15 நிமிடத்தில் ஊர்" என்று இருப்பதை நம்பித் திரும்பும் நாளில் தாமதமாகக் கிளம்பிவிடாதீர்கள்.

பாங்காக்கிலிருந்து பேருந்தில் போய்பெட் எல்லை வழியாக வருவது முன்பு மலிவான வழி. 2025-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லை மோதல் வந்து தரைவழிக் கடப்புகள் மூடப்பட்டன. அதை நம்பித் திட்டம் போடாமல் விமானத்தில் வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மழை நின்றிருக்கும், காலையில் லேசான குளிர்ச்சி இருக்கும். கூட்டமும் விடுதி வாடகையும் அப்போதுதான் உச்சம். மார்ச், ஏப்ரல் கொடும் வெயில். கல் சூடேறி மாலை வரை அனல் விடும். ஏப்ரல் நடுவில் நம் சித்திரைப் புத்தாண்டோடு ஒட்டியே கெமெர் புத்தாண்டும் வரும். உள்ளூர் மக்கள் லட்சக்கணக்கில் அங்கோரில் கூடுவார்கள். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்க விரும்பினால் தவிர மற்றவர்கள் தவிர்க்கலாம்.

மழைக்காலமான மே முதல் அக்டோபர் வரையை எல்லோரும் ஒதுக்குகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. மழை பெரும்பாலும் பிற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டி ஓய்ந்துவிடும். அகழிகள் நிரம்பி, பாசி பச்சையாகி, கோயில்கள் மிக அழகாக இருப்பது அப்போதுதான். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் மழை அதிகம். ஈரமான மணற்கல் படி வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு அவசியம்.

நுழைவுச்சீட்டு எவ்வளவு, எங்கே வாங்குவது?

ஒரு நாள் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டை 10 நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ந்து போக வேண்டியதில்லை. ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாதக் கெடு. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம், ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது.

கோயில் வாசலில் சீட்டு கிடையாது. ஊரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டரில் உள்ள அங்கோர் எண்டர்பிரைஸ் மையத்தில் காலை 5 மணியிலிருந்து வாங்கலாம். அங்கேயே முகத்தைப் படமெடுத்துச் சீட்டில் அச்சடிப்பார்கள், அதனால் ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கிவர முடியாது. அதே நிறுவனத்தின் இணையதளத்திலும் வாங்கலாம். விடுதி, துக்துக் ஓட்டுநர், நண்பர் யார் குறைந்த விலைக்குத் தந்தாலும் அது செல்லாது. சீட்டு தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஒரு வசதி உண்டு: மாலை 5 மணியை ஒட்டி, மையம் மூடுவதற்கு முன் வாங்கும் சீட்டு அடுத்த நாள் கணக்கில் சேரும், அன்று சூரிய அஸ்தமனத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். மறுநாள் விடியலில் வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

குலேன் மலைக்கு 20 டாலர் தனிக் கட்டணம். கோ கெர் கோயில் தொகுதிக்கும் தனிச்சீட்டு. பெங் மெலியா கோயில் முன்பு தனியாக இருந்தது, இப்போது அங்கோர் சீட்டிலேயே அடங்கும்.

கோயில்கள் எத்தனை மணிக்குத் திறக்கும்?

அங்கோர் வாட்டும் ஸ்ரா ஸ்ராங் குளமும் காலை 5 மணிக்கு. ப்னோம் பாகெங், ப்ரே ரூப் இரண்டும் 5 முதல் மாலை 7 வரை. மற்றவை பொதுவாக 7:30 முதல் 5:30 வரை.

உடை விஷயத்தில் கண்டிப்பு உண்டா?

உண்டு. தோளும் முழங்காலும் மறைய வேண்டும். அங்கோர் வாட்டின் உச்சித் தளமான பாகானில்தான் சோதனை கடுமை. கையில்லாத சட்டை மேல் துப்பட்டா போர்த்தினால் அனுப்புவதில்லை, தைத்த கை உள்ள மேல்சட்டையே வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். பருத்திச் சுடிதார், முழுக்கால் சட்டை, வேட்டி எல்லாம் நன்றாகப் பொருந்தும்.

பாகானில் ஒரே நேரத்தில் 100 பேரைத்தான் ஏற்றுவார்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. மாதத்தில் நாலு தடவை வரும் பௌத்தப் புனித நாட்களில் உச்சித் தளம் மூடியிருக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் அதில் அடங்கும், எனவே நம் காலண்டரைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

சூரிய உதயத்துக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

போகலாம், ஆனால் வானத்தை நம்பித்தான் போக வேண்டும். மேகமிருந்தால் கோபுரம் கருநிழலாகத் தெரிந்து அப்படியே வெளுத்துவிடும். கோயில் மேற்கு பார்த்தது, அதனால் சூரியன் அதன் பின்னால் எழும். எல்லோரும் நிற்பது உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள வடக்குக் குளத்தின் கரையில். முன்வரிசை வேண்டுமானால் 5 மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், கற்பாதை மேடுபள்ளமானது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டிச் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சிக்கு நேரே எழும்.

உண்மையான பலன் அதற்குப் பிறகுதான். சூரியன் வந்ததும் பெருங்கூட்டம் காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்பும். நீங்கள் திரும்பாமல் உள்ளே போங்கள். அடுத்த ஒன்றரை மணி நேரம் சிற்ப மண்டபங்கள் ஏறக்குறைய காலியாக இருக்கும்.

அங்கோர் வாட் சிற்பச் சுவரை எந்த வரிசையில் பார்ப்பது?

இடஞ்சுழியாக, அதாவது நம் கோயில் வலத்துக்கு நேர்மாறாக. மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் முதலில் வருவது குருக்ஷேத்திரம். கௌரவர் படை இடமிருந்தும் பாண்டவர் படை வலமிருந்தும் அணிவகுத்து நடுவில் மோதுகின்றன. ஓரங்களில் காலாட்கள் வரிசை தப்பாமல் நடப்பார்கள். நடுவை நெருங்க நெருங்க உடல்கள் பின்னிப் பிணையும். இடப்பக்கம் மேலே அம்புப் படுக்கையில் பீஷ்மர். பிறகு அர்ச்சுனனையும், நாலு கையோடு தேரோட்டும் கண்ணனையும் தேடுங்கள்.

தெற்கு மண்டபத்தில் முதல் பாதி சூரியவர்மனின் ஊர்வலம். மேலே குடைகள் சூழ அரசன் அமர்ந்திருப்பான். அடுத்த பாதி சொர்க்கமும் நரகமும். எருமை மேல் பல கைகளோடு எமன், அருகே சித்திரகுப்தன், கீழே தள்ளப்படும் பாவிகள். 32 நரகங்கள், எந்தப் பாவத்துக்கு எது என்று கெமெர் எழுத்தில் குறிப்பும் வெட்டியிருக்கிறார்கள்.

கிழக்கு மண்டபத்தின் தென்பாதிதான் அங்கோரின் கிரீடம்: பாற்கடல் கடைதல், 49 மீட்டர். இடப்பக்கம் வாசுகியின் தலைப்புறம் 92 அசுரர்கள், வலப்பக்கம் வால்புறம் 88 தேவர்கள், நடுவில் ஆமையின் மேல் மந்தர மலையும் திருமாலும். வால் முனையைப் பிடித்திருப்பது குரங்கு முகம் கொண்ட பெரிய உருவம், அநுமன் என்பார்கள். கண்ணை நடுவின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். கடல் மீன்களும் முதலைகளும் மலையை நெருங்க நெருங்கச் சுழலில் சிக்கித் துண்டுதுண்டாகக் கிடக்கும். நீரின் வேகத்தை அந்தச் சிற்பி அறுபட்ட மீன்களை வைத்தே காட்டிவிட்டான்.

இதைத் தாண்டி கிழக்கின் வடபாதியும் வடக்கு மண்டபத்தின் ஒரு பகுதியும் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கி முடிக்கப்பட்டவை. வெட்டு ஆழமில்லை, முகங்கள் தட்டையானவை. நேரமில்லாவிட்டால் வேகமாகக் கடக்கலாம். ஆனால் மேற்கின் வடபாதிக்கு வந்ததும் நின்றுவிடுங்கள். அது இலங்கைப் போர். அநுமனின் தோள்மேல் நின்று இராமன் வில் வளைக்கிறான், பக்கத்தில் இலக்குவனும் வீடணனும். எதிரே பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன். வானரர்கள் அரக்கரைக் கடிக்கும் ஒவ்வொரு ஜோடியும் தனிச்சிற்பம்.

முழுச் சுற்றுக்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். கிழக்குச் சுவருக்குக் காலை வெளிச்சமும் மேற்குச் சுவர்களுக்கு மாலை வெளிச்சமும் நல்லது. சுவரைத் தொடாதீர்கள். சில பகுதிகள் கறுப்பாக மின்னுவதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகப் பட்ட கைகள்தான்.

காரைக்கால் அம்மையார் சிற்பம் எங்கே இருக்கிறது?

ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பந்தெய் ஸ்ரெய் கோயிலில். கி.பி. 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில் இது. கட்டியவர் அரசர் அல்ல, யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் செதுக்கியது போன்ற நுணுக்கம், ஆளுயரம்கூட இல்லாத வாசல்கள்.

கிழக்கிலிருந்து நுழைந்து உள் பிராகாரத்தின் கிழக்கு வாயிலுக்கு வாருங்கள். வாசலுக்கு மேலே முகப்பில் சிவன் பத்துக் கைகளோடு ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு பக்கம், வற்றிய உடலும் தளர்ந்த மார்புமாகச் சிறிய பெண்ணுருவம் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் ஆய்வாளர்கள் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். பேயுரு வேண்டிப் பெற்று, ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் இருக்க வரம் கேட்ட அம்மையாரின் கதை கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. உருவம் சின்னது, உயரத்தில் இருக்கிறது. பைனாகுலரோ ஜூம் கேமராவோ இல்லாமல் முகம் தெரியாது. வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்லாமலே கடந்துவிடுவார்கள்.

உள்ளே நடுச்சன்னதிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். முன்னால் இரண்டு பக்கமும் 'நூலகம்' என்று அழைக்கப்படும் சிறு கட்டடங்கள். இடப்பக்கத்து நூலகத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான், பார்வதி சிவனைக் கட்டிக்கொள்கிறாள். அதன் மேற்கு முகப்பில் சிவன் மீது காமன் அம்பு தொடுக்கிறான். வலப்பக்கத்தில் கிழக்கே காண்டவ வனத்தின் மேல் இந்திரன் பொழியும் மழை, மேற்கே கம்சவதம். 7:30-க்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். 9 மணிக்கு மேல் பேருந்துகள் வந்துவிடும், அந்தச் சின்ன இடம் தாங்காது.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் வடக்கே அங்கோர் தோம்: பாயோன், பாபுவோன், யானைகள் மேடை, பிற்பகலில் தா ப்ரோம். பாயோனில் எல்லோரும் கோபுர முகங்களை அண்ணாந்து பார்ப்பார்கள், வெளிச்சுற்றுச் சிற்பத்தை விட்டுவிடுவார்கள். சந்தை, சேவல் சண்டை, பிரசவம், அண்டை நாடான சம்பாவின் சாம் படையோடு படகுப் போர் என்று 12-ஆம் நூற்றாண்டுத் தெருவே அங்கே இருக்கிறது. தா ப்ரோமை ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தன் தாய்க்காக எடுத்தான். அங்கே மரவேர்களுக்கிடையே சீரமைப்புப் பணி செய்தது இந்தியத் தொல்லியல் துறை.

இரண்டாம் நாள் விடியலில் அங்கோர் வாட், மதியம் ஓய்வு, மாலையில் ப்ரே ரூப். மூன்றாம் நாள் பந்தெய் ஸ்ரெய், திரும்பும் வழியில் ப்ரேயா கான். இன்னொரு அரைநாள் கிடைத்தால் ரொலுவோஸ் போய் 881-ஆம் ஆண்டின் பாகோங்கைப் பாருங்கள். மலை வடிவில் அடுக்கடுக்காக எழும் கோயில் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பெரிதாக வளர்ந்தது.

தினமும் 11 முதல் 2:30 வரை விடுதிக்குத் திரும்பிவிடுங்கள். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த வெயில் நேரத்தில் சுற்றுவதால்தான்.

துக்துக்குக்கு எவ்வளவு கொடுப்பது?

அங்கோர் வாட், அங்கோர் தோம், தா ப்ரோம் அடங்கிய சின்னச் சுற்று நாள் முழுக்க 15 முதல் 20 டாலர். ப்ரேயா கான், ப்ரே ரூப் அடங்கிய பெரிய சுற்றும் விடியல் கிளம்பலும் சில டாலர் கூடுதல், பந்தெய் ஸ்ரெய்க்கு 25-ஐ ஒட்டி. கட்டணத்தையும் போகும் இடங்களையும் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். கிராப், பாஸ்ஆப் செயலிகள் ஊருக்குள் மலிவு. ஆனால் கோயில் சுற்றுக்கு, காத்திருக்கும் ஒரே ஓட்டுநர் நல்லது. இறங்கும் வாசலும் ஏறும் வாசலும் வேறாக இருக்கலாம், அதனால் வண்டி எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபாயை மாற்ற வேண்டுமா, டாலர் போதுமா?

டாலர் போதும், கிளம்பும் முன் நம் ஊரிலேயே வாங்கிச் செல்லுங்கள். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல் என்று வைத்துக் கணக்கிடுவார்கள், சில்லறை ரியலில் வரும். கிழிசல், மை, மடிப்புக் கிழிவு இருக்கும் டாலரைக் கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார், உங்களுக்குத் தரும்போது நீங்களும் பார்த்து வாங்குங்கள். 1, 5, 10 டாலர் தாள்கள் நிறைய வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிக் குழம்பு என்று வருவதிலும் பிராஹொக் என்ற புளித்த மீன் விழுதோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். "கொம் டாக் பிராஹொக், கொம் டாக் துக் த்ரெய்" என்றால் மீன் விழுதும் மீன் சாறும் போடாதீர்கள் என்று பொருள். பழைய சந்தையைச் சுற்றி இந்திய உணவகங்களும் முழுச்சைவக் கடைகளும் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

உள்ளே சாமி கும்பிடலாமா?

தாராளமாக. அங்கோர் வாட் மேற்குக் கோபுர வாயிலில் தென்பக்கம் எட்டுக் கையுள்ள பெரிய திருமால் நிற்கிறார். ஊர் மக்கள் 'தா ரீச்' என்று வணங்கி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். காலணியைக் கழற்றிவிட்டு நீங்களும் வணங்கலாம். கற்பூரம், விளக்கு ஏற்ற வேண்டாம். இருண்ட சன்னதிகளில் யாராவது ஊதுவத்தியைக் கையில் திணித்தால் அதற்குக் காணிக்கை எதிர்பார்ப்பார்கள். விருப்பமில்லையென்றால் கைகூப்பி மறுத்தால் போதும்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

போகலாம். அங்கோர் வாட்டின் சிற்ப மண்டபம், பந்தெய் ஸ்ரெய், ப்ரேயா கான் மூன்றும் பெரிய ஏற்றமில்லாதவை, ஆனால் வாசற்படிகள் உயரமானவை. தா கெவ், ப்ரே ரூப், பாகான் ஆகியவை மூட்டுவலிக்காரர்களுக்கு வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், படியின் அகலம் பாதம் கொள்ளாது. ப்னோம் பாகெங்கில் மாலை 300 பேருக்குத்தான் இடம், 20 நிமிடம் மேட்டில் நடக்க வேண்டும். கழிவறைகளில் அங்கோர் சீட்டைக் காட்டினால் கட்டணமில்லை.

கோயில்களில் பொருள் விற்கும் குழந்தைகளிடம் வாங்கலாமா?

வேண்டாம். விற்பனை நன்றாக நடந்தால் அந்தக் குழந்தை பள்ளிக்கு அனுப்பப்படாது. பெரியவர்கள் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.

ஆயிரம் லிங்க நதி என்கிறார்களே, அதற்குப் போகலாமா?

அது கபால் ஸ்பியான். பந்தெய் ஸ்ரெய்யைத் தாண்டி, ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அங்கோர் சீட்டே போதும். வண்டி நிற்குமிடத்திலிருந்து காட்டுப்பாதையில் 1.5 கிலோமீட்டர் மேடேற வேண்டும், பிற்பகல் 3 மணிக்குப் பிறகு மேலே விடமாட்டார்கள். ஆற்றுப்படுகைப் பாறையில் வரிசை வரிசையாக லிங்கங்கள், பாம்பணையில் திருமால். மழை உச்சத்தில் வெள்ளம் அவற்றை மூடிவிடும், மார்ச்சுக்கு மேல் நீரே இருக்காது; நவம்பர், டிசம்பரில் நீர் தெளிந்து சிற்பத்தின் மேல் ஓடும். குலேன் மலையிலும் இதே போன்ற லிங்கங்கள் உண்டு, 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் முடிசூடிய மலை அது. அந்தச் சாலை காலையில் ஏற மட்டும், நண்பகலுக்கு மேல் இறங்க மட்டும் திறந்திருக்கும், ஆகவே 8 மணிக்குள் ஊரை விட்டுக் கிளம்புங்கள். இரண்டு இடத்திலும் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. போர்க்காலக் கண்ணிவெடிகள் பெருமளவு அகற்றப்பட்டிருந்தாலும் கம்போடியாவின் ஒதுக்குப்புறங்களில் அந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும்.